கேட்டு சிலையின் வலது கை

போன வாரம் எங்கள் பீங்கான் கம்பெனியின் அச்சுப் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். தொழிலாளர் மலர் போடுகிறோம், பழைய ஆட்களில் நீங்களும் ஒருவர், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டீ கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். கிளம்பிச் செருப்பு மாட்டும்போது இருவரில் சின்னவர் சும்மா சொன்னார்:

“அண்ணே, நம்ம கேட்டுல வரவேற்பு செல இருக்குது பாருங்க, அது கையில டியூப்லைட்டு மாட்டப் போறாங்க. ஆண்டு விழாவுக்கு. ஜோரா இருக்கும்.”

“அது வரவேற்பு செலன்னு யாரு சொன்னது?”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

“எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாங்க,” என்றார் அவர், ஒரு காலில் செருப்போடு.

எல்லாரும் சொல்கிறார்களாம். அதனால்தான் எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது. ஆத்திரத்தில் எழுதுவது எப்படிக் கோர்வையாக வரும்?

நான் கம்பெனியில் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. மண் சுமந்தேன், பிளாஸ்டர் சலித்தேன், அடி வாங்காமல் அச்சு எடுக்கக் கற்றேன். வெளியாட்கள் படித்தால் தெரியட்டும் என்று அச்சு வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜாடி வேண்டுமென்றால் முதலில் மாதிரிக்கு ஒன்று செய்வோம். அதைச் சுற்றிப் பலகை அடைத்து, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவோம். இறுகியதும் பிரித்து மாதிரியை வெளியே எடுத்தால், ஜாடி இருந்த இடம் காலியாக நிற்கும். அந்தக் காலியில் மண்கூழை ஊற்றி ஊற்றி எத்தனை ஜாடி வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் அச்சுப் பிரிவில் இருப்பவனுக்குப் பொருளைவிடப் பொருளைச் சுற்றியிருக்கும் இடம்தான் பழக்கம். ஒரு கூஜாவைப் பார்த்தால் நீங்கள் கைப்பிடியைப் பார்ப்பீர்கள். என் கண் கைப்பிடிக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்துக்குத்தான் போகும். அச்சு சிக்கிக்கொள்வது அந்தச் சந்தில்தான்.

எங்களுக்கு மேலே ஒரு சூப்பரின்டெண்ட் இருந்தார். பெயர் வேண்டாம்; அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. வெள்ளைச் சட்டை, பையில் பேனா. சூளை பிரிக்கும் நாளில் வெந்த பொருட்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்போம். அவர் நடுவில் மெதுவாக நடந்து வந்து ஒவ்வொன்றையும் பேனா மூடியால் தட்டுவார். நல்ல பொருள் மணி போலச் சத்தம் கொடுக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய்க் கேட்கும். அப்படிக் கேட்டதை எடுத்து, அதைச் செய்தவனைத் தேடிப் பிடித்து அவன் கையிலேயே கொடுப்பார். கூட வரும் ஆளிடமிருந்து சின்னச் சுத்தியலை வாங்கி அதையும் கொடுப்பார்.

“நீயே ஒடைச்சிடுப்பா,” என்பார். தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுகிற குரல்.

செய்தவன் எல்லோர் முன்னாலும் உடைக்க வேண்டும். உடைத்து முடிக்கிறவரை அவர் நகர மாட்டார். கைப்பிடி ஒட்டும் ஓர் அம்மாள் ஒருமுறை சுத்தியலை வைத்துக்கொண்டு அழுதுவிட்டது. “மண்ணுதானம்மா, இதுக்குப் போயி அழலாமா,” என்று தன் கைக்குட்டையை நீட்டினார். ஆனால் உடைக்கிறவரை நின்றார். அந்த அம்மாள் உடைத்தது. நானும் பல தடவை உடைத்திருக்கிறேன். அவர் தன் கையால் ஒரு கிண்ணத்தை உடைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இது கடைசியில் வேண்டியிருக்கிறது, அதனால் சொல்லி வைத்தேன்.

காசிம் பாய்க்கு ஊர் மங்கலம்பேட்டை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். பக்மில்லில் வேலை. பக்மில் என்பது மண் பிசைகிற இயந்திரம். மேலே அகலமான வாய். உள்ளே கத்திகள் சுற்றும். பிசைந்த மண் மறுபக்கம் உருட்டாக வெளியே வரும். பாய் பேச ஆரம்பித்தால் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். “மச்சான் குவைத்துக்குப் போறான் தம்பி, அங்க மண்ணுக்குக் கீழ எண்ணெயாம். நம்மளுக்குப் பாரு, மண்ணுக்குக் கீழயும் மண்ணு,” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

பக்மில் வாயில் கம்பி வலை ஒன்று இருக்க வேண்டும். இருந்தது, சுவரில் சாத்தி. வலை மாட்டியிருந்தால் மண் சீக்கிரம் இறங்காது, உற்பத்தி குறையும் என்று கழற்றி வைக்கச் சொன்னவர் சூப்பரின்டெண்ட்தான். வாயில் மண் திரண்டு நின்றுவிட்டால் குத்தித் தள்ள ஒரு கட்டை கொடுத்திருந்தார்கள். அது முறிந்து பல நாள் ஆகியிருந்தது. வேறு கட்டை கேட்டுக்கொண்டே இருந்தார் பாய். அது வருகிற வரைக்கும் கையால்தான் தள்ளினார்.

ஒருநாள், காலை டீ வருகிற நேரம். எனக்கு மண் உருட்டு வேண்டியிருந்ததால் அங்கே போய் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் “அம்மா” என்றுகூடக் கத்தவில்லை. “நிறுத்து, நிறுத்து, நிறுத்து” என்றுதான் சொன்னார், யாருக்கோ வழி சொல்கிற மாதிரி. பெல்ட்டைத் தள்ளி நிறுத்துவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தேன். முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்பக்கமாகத் திருகிக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். வலது கை, முழங்கைக்கு மேலே வரை போய்விட்டது.

அன்று சாயங்காலமே வலையை மாட்டிவிட்டார்கள். புதுக் கட்டையும் வந்துவிட்டது, வழவழவென்று இழைத்து. மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரி வலை மாட்டியிருப்பதைப் பார்த்தார், கட்டையைத் தூக்கிப் பார்த்தார், தொழிலாளியின் அஜாக்கிரதை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். வலை முந்தின நாள் சுவரில்தான் இருந்தது என்று சொல்ல இருபது பேராவது இருந்தோம். கேட்டால் சொல்லியிருப்போம். எங்களை யாரும் கேட்கவில்லை.

பாய் திரும்பி வந்தபோது கேட்டில், வேலைக்கு வருகிறவர்களின் டோக்கனை வாங்கி மாட்டும் வேலை கொடுத்தார்கள். கம்பெனியின் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். பெரிய மனசு!

அதற்கு அடுத்த வருடம் புது ஷெட் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்குக் கேட்டில் ஒரு சிலை வைக்க முதலாளிகளுக்கு ஆசை. ஒரு தொழிலாளி ஜாடியை ஏந்தி நிற்க வேண்டும், அதுவும் நம் மண்ணிலேயே செய்து நம் சூளையிலேயே வேக வேண்டும். மெட்ராஸிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்தார்கள். நாங்கள் அவரை மெட்ராஸ் சார் என்போம். முப்பது வயதுகூட இருக்காது. ஜங்ஷனில் இறங்கி நேராக வந்தவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். பாய் இடது கையால் டோக்கன் வாங்கி ஆணியில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இவர்தான்,” என்றார். மண் வேலைக்கு உதவியாக என்னைக் கூடப் போட்டார்கள்.

முதல் நாள் பாயை அச்சுப் பிரிவு ஷெட்டில் நிற்க வைத்து, சிற்பி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலப்பக்கம் நெருங்கி நின்றபோது பாய் சொன்னார்:

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கை மேல நிக்கறீங்க.”

நாங்கள் சிரித்துவிட்டோம். பாய் எப்போதும் இப்படி ஏதாவது சொல்கிறவர்தானே. மெட்ராஸ் சார் சிரிக்கவில்லை. சட்டென்று விலகி, “எங்க இருக்கு?” என்று கேட்டார்.

பாய் இடது கையை நீட்டி, தன் தொடைக்கு முன்னால் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினார். “இங்க. மடங்கி, மூடிக்கிட்டு இருக்குது. ராவும் பகலும் மூடிக்கிட்டே இருக்குது. நகம் உள்ளங்கையில குத்துது சார். சொன்னா டாக்டரே சிரிக்கறாரு.”

“உடம்பு முடியற எடத்துல சிலை முடியறதில்ல,” என்றார் மெட்ராஸ் சார், யாரிடம் என்றில்லாமல். “சுத்தி இருக்கற காத்தையும் சேர்த்துதான் செய்யணும்.”

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பிளாஸ்டர் ஊற்றுகிறவன்.

சிலை ஆள் உயரம். சுட்ட மண்ணை நுணுக்கிச் சேர்த்த கரட்டு மண்ணைக் கயிறு கயிறாகத் திரித்து, உள்ளே கூடாக, காலிலிருந்து மேலே எழுப்பினோம். அவர் கை வேகமாக ஓடும். நான் ஈரச் சாக்கு போர்த்துவதும், அடி காய்ந்து மேல்பாகம் ஈரமாக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும். உடம்பு முழுவதையும் இடப்பக்கமாக ஒரு நூல் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, வலது தோளுக்குக் கீழே வெட்டுப்பட்ட இடத்தோடு நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆனால் ஷெட்டில் அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் விலகிப் போனார்கள். தலையில் பலகை தூக்கிப் போகும் பெண்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

சூப்பரின்டெண்ட் வந்து பார்த்தார். ஈர மண் என்பதால் பேனாவை எடுக்கவில்லை.

“கை எங்க?”

“இல்ல சார். அந்த எடம்தான் சிலை,” என்றார் மெட்ராஸ் சார்.

“வாஸ்தவம். உங்களுக்குப் புரியும். கேட்டுல வந்து எறங்கறவங்களுக்கு? இங்க கை போவும்னு போர்டு வச்ச மாதிரி இருக்காதா? பாவம், காசிமுக்கும் சங்கடம். கையை வச்சு, கையில ஒரு ஜாடியும் வச்சிடுங்க.”

மெட்ராஸ் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. கை வைத்தால் அது என் சிலை இல்லை, என் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். சூப்பரின்டெண்ட் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியான வண்டிக்கே மெட்ராஸ் சார் கிளம்பிவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஜங்ஷன் வரை போனேன். ரயில் ஏறுமுன் என் தோளைப் பிடித்து, “நீங்க வைக்காதீங்க,” என்றார்.

எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் அது போகவில்லை. கோபித்துக்கொண்டு ஏறிப் போக அவருக்கு ஒரு ரயில் இருந்தது. நான் திரும்பி அதே கேட்டு வழியாக உள்ளே போக வேண்டும். போனேன். சூப்பரின்டெண்ட் ஷெட்டில் காத்திருந்தார்.

“நீயே வச்சிடுப்பா,” என்றார்.

நான் கேட்டுக்குப் போய் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு டோக்கனை ஆணியில் மாட்டி முடித்துவிட்டுக் கேட்டார்:

“வைக்கத்தான போற?”

“வைக்கலன்னா வேற ஆள வுட்டு வைப்பாங்க பாய்.”

“அப்ப நீயே வை. ஆனா ஜாடி புடிச்ச எவன் கையையோ கொண்டாந்து வைக்காத. எங்கைய வை.”

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஷெட்டுக்கு வந்தார். சிலைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மூங்கில் குச்சியைத் தோளில் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கேட்டேன். இங்கயா? இன்னும் கீழ. இங்க? உள்ள திருப்பு. இன்னும். கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தன் எதிரே காற்றில் தடவித் தடவிச் சொன்னார். மணிக்கட்டுக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. மடங்கிய முழங்கை, உள்ளே திருகிய மணிக்கட்டு. நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்த அதே கை. கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே அவரிடம் நின்றுபோயிருந்தது.

குச்சியின் மேல் மண் ஏற்றி, உள்ளே கூடாக்கி, விரல்களை மூடினேன். “பெருவெரலு உள்ள மாட்டியிருக்குது,” என்றார். உள்ளே மாட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது.

எனக்கோ ஆத்திரத்திலும் ஒரு சந்தோஷம். இதோ கை. கை கேட்டீர்களே, எடுத்துக்கொள்ளுங்கள். பக்மில்லைப் பார்த்த எவனுக்கும் இது என்ன கை என்று தெரியும். அதிகாரியும் கேட்டு வழியாகத்தான் வர வேண்டும், முதலாளியும் கேட்டு வழியாகத்தான் வர வேண்டும்.

“விரல விரி தம்பி,” என்றார் பாய்.

“வேணாம் பாய். இப்படியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்.”

“எல்லாரும் பாக்கறதுக்காக நான் எத்தினி நாளு மூடிக்கிட்டே இருக்கணும்?”

நான் மண்ணிலிருந்து கையை எடுத்தேன்.

“என்னால தொறக்க முடியல ராசு. எவ்ளோவோ பாத்துட்டேன். நீ தொற.”

சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். மண் விரலை வேகமாக நிமிர்த்தினால் கணுவில் வெடிக்கும். தண்ணீர் தொட்டுத் தடவிக்கொடுத்து, மூச்சு விடுகிற வேகத்தில் நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு விரல் நிமிரும்போதும் பாயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பெருவிரலை வெளியே எடுத்தபோது அவர் வாயைத் திறந்து நீளமாக மூச்சு விட்டார். பிறகு மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிந்து, கை முன்னால் வந்து நின்றது.

“ஆங்,” என்றார். “வுட்டுடுச்சி.”

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தபடி, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஷிப்டு மணி அடித்தும் எழுப்ப மனம் வரவில்லை. கேட்டில் டோக்கன்கள் குவிந்துவிட்டன என்று ஆள் வந்து திட்டினான்.

கையைத் தாங்க முட்டுக் கொடுத்தேன். முட்டு அதே மண்ணில் இருக்க வேண்டும். சூளையில் சிலை சுருங்கும்போது முட்டும் கூடவே சுருங்கும். செங்கல்லை முட்டாகக் கொடுத்தால் அது சுருங்காமல் நின்று கையை முறித்துவிடும். இடுப்பில் இரண்டாகப் பிரித்துச் சூளையில் ஏற்றினோம். வெந்து வந்ததும் முட்டைத் தட்டி எடுத்தேன். சூப்பரின்டெண்ட் பேனா மூடியால் நெஞ்சில் தட்டினார், தோளில் தட்டினார், உள்ளங்கையில் தட்டினார். மூன்று இடத்திலும் மணி அடித்தது.

“நல்லா வந்திருக்கு. ஜாடிகூட வேணாம் போ. வாங்கன்னு கூப்பிடற மாதிரி இருக்கு.”

வரவேற்பு சிலை என்ற பேச்சு வந்தது அங்கேதான். இதை முதலில் சொன்ன வாய் அதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. சிலை கேட்டுக்கு உள்ளே, பாய் உட்காரும் டோக்கன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதன் விரலைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவது ஒரு வழக்கமாகிவிட்டது. “என்னா பாய், கை குடு,” என்பார்கள் சிலையிடம். கூண்டிலிருந்து பாய் கத்துவார்: “டேய், மெதுவா புடிடா. பெண்ணாடம் மில்லுல போட்ட கரும்பு மாதிரி நசுக்கற. எனக்குத் தெரியுது!” சிரிப்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள்.

பிறகு பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வந்தது. சூப்பரின்டெண்ட் இரும்புத் தகட்டில் ஒரு பெரிய போர்டு எழுதச் சொன்னார். ‘கவனமே கவசம்.’ அதைச் சங்கிலி போட்டு எங்கே மாட்டினார் தெரியுமா? அந்தக் கையில். மணிக்கட்டில் சங்கிலியைச் சுற்றி, சிலை கழுத்தில் ஒரு மாலையும் போட்டு, போட்டோ எடுத்தார்கள். வலையைக் கழற்றி வைக்கச் சொன்ன ஆள், அந்த வலை இல்லாததால் போன கையில், கவனமாக இரு என்று போர்டு மாட்டுகிறார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். கை தட்டினார்கள். என் பக்கத்தில் நின்றவன் என்னையும் தட்டச் சொல்லி இடித்தான்.

வாரம் முடிந்தது. போர்டு இறங்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

பாயின் பேச்சு குறைந்தது. “கனக்குது,” என்றார் ஒருநாள். எது என்று கேட்டேன். இடது கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுபோய், காற்றில் ஏதோ ஒன்றை அடியிலிருந்து தாங்கிக் காட்டினார். நாளடைவில் அப்படியே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். டோக்கன் வாங்கும்போது மட்டும் இடது கையை எடுப்பார். மாட்டியதும் திரும்ப அங்கே போய்விடும், காற்றைத் தாங்கிக்கொண்டு. வலது தோள் இறங்கிவிட்டது. பார்த்தவர்கள் கேலி பேசினார்கள். “பாய், யாரு புள்ளைய வச்சிருக்கற?” என்றான் ஒருவன். முன்பு என்றால் பாய் இதற்கு நாலு பதில் வைத்திருப்பார். அன்று அடுத்த டோக்கனுக்குக் கை நீட்டினார். அவர் வீட்டுக்காரம்மா மங்கலம்பேட்டையிலிருந்து வந்து என்னிடம் கேட்டது: “வூட்டுல சோறு திங்கறப்பக்கூட தாங்கிக்கிட்டே இருக்காருண்ணே. ஒத்தக் கையில எதைத் தாங்குவாரு, எதைத் திம்பாரு?”

சூப்பரின்டெண்ட் அறைக்குப் போனேன். வாசலில் நின்றேன். “என்னப்பா?” என்றார். “ஒண்ணுமில்லீங்க,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாளும் போனேன். அன்றும் ஒன்றுமில்லீங்க. என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அச்சு ஒன்றைத் தாறுமாறாகப் பிரித்து உடைத்தேன்.

அடுத்த நாள் பகல் ஷிப்டு மாறும் நேரம். வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களுமாகக் கேட்டில் நெரிசல். பாய் காற்றைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் ஈ உட்கார்ந்தது. அதை விரட்ட அவருக்குக் கை இல்லை. இருந்த ஒரு கையும் இல்லாத கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. தலையை உதறினார். ஈ சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது.

நான் அவர் கூண்டிலிருந்த ஸ்டூலை எடுத்துச் சிலைக்கு முன்னால் போட்டு ஏறினேன். சங்கிலியை அவிழ்த்தேன். போர்டு கனமாகத்தான் இருந்தது. இறக்கிச் சுவரில் சாத்தினேன், வலை சாத்தியிருந்த மாதிரி. என்னை யாரும் தடுக்கவில்லை. நான் இப்படி ஒன்றைச் செய்வேன் என்று யாரும் நினைக்காததால் திகைத்து நின்றுவிட்டார்கள்.

சூப்பரின்டெண்டுக்குச் செய்தி போய், அவரே நடந்து வந்தார். சுத்தியல் தூக்கும் ஆளும் கூட.

“என்னப்பா இது?”

“கனக்குதாங்க,” என்றேன்.

“எது? மண்ணுக்கா?”

“மண்ணுக்கு இல்ல சார்,” என்று கூண்டிலிருந்து எழுந்தார் பாய். “எனக்கு.”

சூப்பரின்டெண்ட் அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. பின்னால் கையை நீட்டிச் சுத்தியலை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“கை இருக்கறதாலதானப்பா கனக்குது? நீயே ஒடைச்சிடு. காசிமுக்கும் நிம்மதி.”

பழக்கம் என்பது எவ்வளவு கேவலமானது என்று அன்று தெரிந்துகொண்டேன். என் கை போய் அந்தச் சுத்தியலை வாங்கிக்கொண்டது. இத்தனை வருடம் வாங்கிய கை. அவர் காத்துக்கொண்டு நின்றார், எப்போதும் நிற்பதைப் போல. பாய் இடது கையால் தன் எதிரே காற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் சுத்தியலைத் திருப்பி, பிடி அவர் பக்கம் வரும்படி நீட்டினேன்.

“நீங்களே ஒடைங்க சார்.”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெளியே திட்டக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏற வேண்டியவர்கள் யாரும் நகரவில்லை. கைப்பிடி ஒட்டும் பிரிவிலிருந்து அந்த அம்மாள், கைக்குட்டை வாங்கிய அம்மாள், முன்னால் வந்து நின்றது. “ஒடைங்க சார், மண்ணுதான,” என்றது.

சுத்தியலின் பிடி அவர் சட்டைப் பைக்கு முன்னால் இருந்தது. அவர் கை மேலே வரவேயில்லை. சிரித்தார். பேனாவைச் சரிசெய்தார். “எல்லாரும் வேலையப் பாருங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சுத்தியல் என்னிடமே நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது பாய் இடது கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் என்னை வெள்ளைக்கல் அரைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தூசி புகைபோல நிற்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சூப்பரின்டெண்ட் தானே வந்து சொன்னார், அனுபவம் உள்ள ஆள் அங்கே தேவைப்படுகிறது என்று. அதன்பிறகு நான் பிளாஸ்டரைத் தொடவில்லை. எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை; நெஞ்சு எனக்கு முன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டது. மாடி ஏற முடியாது. இதை எழுதும்போதே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினேன். சூப்பரின்டெண்ட் நல்லபடியாக ரிட்டையர் ஆனார். மாலை போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

ஆனால் அந்தப் போர்டு திரும்ப மாட்டப்படவில்லை. அவர் இருந்த வரையிலும் இல்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்களும் மாட்டவில்லை. ஏனென்று தெரியாமலேகூட மாட்டாமல் இருந்திருக்கிறார்கள்.

பாய் வேலையை விட்டுவிட்டு இப்போது மங்கலம்பேட்டையில் குவைத்து மச்சானின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒற்றைக் கையால் துணி கிழிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரே இழு. அந்த இரண்டு பேர் வந்துபோன மறுநாள் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். என் இருமலைக் கேட்டுவிட்டு, “என்னா தம்பி, நெஞ்சுல பக்மில்லு ஓடுது,” என்றார். கிளம்பும்போது, கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“சும்மா இருக்குது,” என்றார். “வெரிச்சி வச்சிக்கிட்டு, அது பாட்டுக்கு இருக்குது.”

ஆண்டு விழாவுக்கு ஏற்பாடு செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கை யாரையும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. எதையும் ஏந்துவதற்காகவும் நீட்டவில்லை. மூடிக் கிடந்த கை அது. திறக்க ஒரு மனிதன் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். விளக்குப் போட மரம் இருக்கிறது, கம்பம் இருக்கிறது, புது ஷெட்டு நெடுகச் சுவர் இருக்கிறது. அங்கே மாட்டுங்கள். அதையும் மீறி யாராவது ஏணியைக் கொண்டுவந்தால், அச்சுப் பிரிவில் இருக்கிற நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சிலைக்கு முன்னால் போய் நில்லுங்கள். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நின்றால் போதும்.

டியூப்லைட் சங்கதியை நான் பாயிடம் சொல்லவில்லை. சொல்லும்படி செய்துவிடாதீர்கள்.